கும்மிருட்டுத் தண்ணீர்

என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் வௌவால் என்று பெயர். வைத்தது நான் இல்லை, பழி மட்டும் என் மேல். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே வைத்த பெயர் அது. துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, எவ்வளவு நேரம் கழித்துத் தன் விரல் தனக்குத் தெரிய ஆரம்பிக்கிறது என்று பார்ப்பாளாம். பாதியில் யாரும் வந்து கதவைத் திறந்துவிடாமல் இவர் வெளியே காவல் நிற்பாராம். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் இவருக்கு அவளும் அவளுக்கு இவரும்தான் என்று ஆகிவிட்டது. நடுவில் வந்து சேர்ந்தவள் நான்.

கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் எல்லாம், லைட் போட்டுக்கொண்டு தூங்குகிற ஆளோடு தன்னால் குடும்பம் நடத்த முடியாது என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்பது கூட இருக்கிற எனக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டு டிவியில் அணைத்த பிறகும் ஒரு சிவப்புப் பொட்டு எரியும் அல்லவா, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டுவாள். ஃபிரிட்ஜ், சார்ஜர், மின்சார மீட்டர் என்று எதையும் விடமாட்டாள். நான் துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக் கொடுக்கிறவள். என் தையல் மெஷினில் இருந்த குட்டி விளக்கின் மேலும் ஒருநாள் டேப் ஒட்டி வைத்திருந்தாள். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. "அண்ணி, உங்களுக்கு வெளிச்சம்னா பல்புதான். ஒண்ணுமே இல்லாத இடத்துலயும் எவ்வளவு வெளிச்சம் இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள்.

அவளுடைய வேலை அப்படி. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், ஜன்னலே இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்திருப்பாள். தொழிற்சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று பல இடத்துத் தண்ணீர் சின்னச் சின்ன பாட்டிலில் அவளிடம் வரும். கையகலத் தட்டு ஒன்றில் வரிசை வரிசையாகக் குழிகள் இருக்கும். குழிக்கு ஒரு சொட்டாகத் தண்ணீரை விட்டு அதன் மேல் ஒரு மருந்தை விடுவாள். தண்ணீரில் உயிருள்ள கிருமி இருந்தால் மருந்தும் அதுவும் சேர்ந்து ஒளி விடும். நெருப்பு இல்லை, சூடு இல்லை, இரண்டு பொருள் கலப்பதால் வருகிற வெளிச்சம். நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. சாக்கடை அளவுக்கு அழுக்கு என்றால், இருட்டில் பழகிய தன் கண்ணுக்கு மட்டும் லேசாகத் தெரியும் என்பாள். தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் பெட்டியின் கூரையில் இருக்கிற கேமரா நெடுநேரம் கண்ணைத் திறந்தபடியே பார்த்து, எந்தக் குழி எவ்வளவு மின்னுகிறது என்று கம்ப்யூட்டரில் படமாகக் காட்டும். அந்தக் கேமராவின் சென்சாரை ஐஸை விடக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டுமாம். கொஞ்சம் சூடேறினாலும் இல்லாத வெளிச்சத்தை இருக்கிறது என்று சொல்லுமாம். ஆக, மின்னினால் அழுக்கு, இருட்டாக இருந்தால் சுத்தம். அந்த அறைக் கதவுக்கு இரட்டை மடிப்பில் கறுப்புத் திரை தைத்துக் கொடுத்தது நான்தான். பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, ஊசி போன ஓட்டையில் வெளிச்சம் வருகிறது என்று மூன்று தடவை திருப்பிக் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். சாப்பிட உட்கார்ந்தாலும் அவர் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் குத்திய ஊசி வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த மெஷினுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் அவர் ரத்தம் ஓடும், அந்தப் பக்கம் பீப்பாய் கணக்கில் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர் சரியில்லை என்றால் அழுக்கு நேராக ரத்தத்துக்குள் போய்விடும். நம் வயிற்றுக்குப் போகிற தண்ணீர் கெட்டதாக இருந்தால் வாந்தியெடுத்தாவது தப்பிக்க வழி உண்டு. இதற்கு அதுவும் கிடையாது.

அந்த ஆஸ்பத்திரித் தண்ணீரும் வௌவாலின் கூடத்துக்குத்தான் வரும். அண்ணன் அங்கே போக ஆரம்பித்ததும், தட்டில் இடத்தை மாற்றியமைத்தாள். முன்பெல்லாம் எது முதலில் வந்ததோ அது முதல் குழிக்குப் போகும். இப்போது முதல் வரிசை முழுக்க ஆஸ்பத்திரித் தண்ணீருக்கு மட்டும். தொட்டியில் எடுத்தது, குழாயில் எடுத்தது, கட்டிலுக்குப் பின்னால் எடுத்தது என்று எல்லாம் அந்த வரிசையில்தான். அங்கே வேறு யாருடைய சொட்டும் விழக் கூடாது. கோயில் கட்டி வைத்திருக்கிறாயா என்று கேலி செய்தேன். "அண்ணன் குடிக்கிற தண்ணி இல்ல அண்ணி, அண்ணன் ரத்தம் குடிக்கிற தண்ணி" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாளில் அவர் வாசற்படியில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே குரல் கொடுப்பார். "வௌவாலே, தண்ணி எப்படி?"

உள்ளேயிருந்து பதில் வரும். "கும்மிருட்டுண்ணா."

அதைக் கேட்ட பிறகுதான் படியிறங்குவார். சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் முகத்தில் வருகிற தெளிவு அவர் முகத்தில் வரும். எனக்கு அது பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளிக்குச் சாப்பாட்டை அளந்து, மாத்திரையைப் பிரித்து, வீங்கின காலைத் தூக்கித் தலையணையில் வைக்கிறவள் நான். ஒற்றை வார்த்தையைச் சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகிறவள் அவள்.

பழைய பெட்டி போய்ப் புதுப் பெட்டி வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பழையது ஒவ்வொரு குழியாகப் பார்க்கும். புதியது மொத்தத் தட்டையும் ஒரே படமாகப் பிடித்துவிடும். வந்து பொருத்திக் கொடுத்த ஆள், சோதனைக்கு ஒரு தட்டு போட்டுக் காட்டினாராம், படம் பளிச்சென்று வந்ததாம். சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் பெட்டிப் புராணம்தான். அதில் ஒரு விஷயம் மட்டும் என் மண்டையில் நின்றது. எவ்வளவு நல்ல கேமரா ஆனாலும், முழு இருட்டிலும் அதற்கென்று கொஞ்சம் பொய் வெளிச்சம் தெரியுமாம். அதனால் முதலில் காலிப் பெட்டியை மூடி, இருட்டையே ஒரு படம் எடுத்துச் சேமித்து வைத்துவிட வேண்டும். அதன் பிறகு எடுக்கிற ஒவ்வொரு படத்திலிருந்தும் அந்த இருட்டுப் படத்தைப் பெட்டி தானாகக் கழித்துவிடும். மிச்சம் இருப்பதுதான் உண்மையான வெளிச்சம். இருட்டைப் போட்டோ பிடிக்கிற பிழைப்பு உலகத்தில் உனக்கு ஒருத்திக்குத்தான் என்று சொன்னேன். அவரும் சிரித்தார்.

புதுப் பெட்டியில் ஆஸ்பத்திரித் தண்ணீர் இன்னும் இருட்டாக வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கடைசி வரிசையில் வேண்டுமென்றே ஒரு அழுக்குத் தண்ணீரும், காய்ச்சி வடித்த ஒரு சுத்தத் தண்ணீரும் வைப்பது வழக்கம். அழுக்கு, மின்ன வேண்டிய அளவு மின்னியது. சுத்தத் தண்ணீரிலும் மருந்தின் சொந்த வெளிச்சம் துளி இருந்தது, அது எப்போதும் இருக்குமாம். முதல் வரிசையில் மட்டும் அந்தத் துளியும் இல்லை. "சுத்தத் தண்ணியை விடச் சுத்தம்ணா உங்க தண்ணி" என்று பெருமையாகச் சொன்னாள். சொன்னவளுக்கும் உறைக்கவில்லை, கேட்ட எங்களுக்கும் உறைக்கவில்லை.

நடுக்கம் அதற்குப் பிறகு ஆரம்பித்தது. மெஷினில் போட்டுப் பாதி நேரம் கடந்ததும் அவர் பாதம் நடுங்கும். பாதத்திலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து தாடை. பல் அடித்துக்கொள்கிற சத்தம் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேட்கும். நர்ஸ் போர்வை மேல் போர்வையாகப் போட்டு ஒரு ஊசி போடுவார். மெஷினிலிருந்து இறக்கியதும் தணிந்துவிடும். டாக்டர் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார், மாத்திரையை மாற்றினார், ஏசியைக் குறைக்கச் சொன்னார். அடுத்த தடவையும் நடுங்கியது.

இவர் ஒருவருக்கு மட்டும் என்றால் உடம்பு வாகு என்று விட்டிருப்பேன். ஜன்னலோரக் கட்டிலில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் படுப்பார். அவருக்கும் நடுங்கியது. எதிர்க் கட்டில் டீச்சரம்மாவுக்கும் நடுங்கியது. வராந்தாவில் காத்திருக்கிற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம், பேசமாட்டோம். பேசினால் நிஜமாகிவிடும் என்ற பயம். ஒரு நாள் ஜன்னலோரக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். காய்ச்சல் முற்றித் தபால்காரர் இறந்துவிட்டார் என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னார். அவருடைய மனைவி காத்திருக்கிற நாற்காலியில் அன்றைக்கு யாரும் உட்காரவில்லை.

மெஷினைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியனிடம் போய், தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த ரிப்போர்ட்டைக் காட்டினார். சுத்தம் என்று இருந்தது, கீழே என் நாத்தனாரின் கையெழுத்து. வீட்டுக்கு வந்து வேறு ஆஸ்பத்திரிக்கு மாறலாம் என்று ஆரம்பித்தேன். தலைகீழாக நின்றும் பார்த்தேன். அவர் கேட்பதாக இல்லை.

"அங்க தண்ணிய யாரு பாக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா? இங்க என் தங்கச்சி பாக்கறா" என்றார்.

அவளும் அதையே பாடினாள். ஊசி குத்துகிற இடத்தில் கிருமி இருக்கும், படுக்கையில் இருக்கும், நர்ஸ் கையில் இருக்கும், தண்ணீரில் மட்டும் இருக்காது என்றாள். எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்றுபோனது. அவர் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று கேட்டார், அவள் ஒவ்வொரு தடவையும் கும்மிருட்டு என்றாள். அந்த வார்த்தை கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

கடைசியில் ஒருநாள் நடுங்கி முடித்து வந்தவர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவளை மறித்துக்கொண்டு நின்றேன். நாளை மறுநாள் நீயே ஆஸ்பத்திரிக்கு வந்து, உன் கையாலேயே தண்ணீர் பிடித்து, என் கண் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும் என்றேன். அந்தப் பெட்டியில் என்ன தெரிகிறதோ அதற்குக் கட்டுப்படுகிறேன், ஆயுசுக்கும் வாயைத் திறக்கமாட்டேன் என்றேன். என் வாய் அடைபடும் என்கிற ஆசையிலேயே ஒப்புக்கொண்டிருப்பாள்.

சொன்னபடி வந்தாள். அவரைக் கட்டிலில் படுக்க வைத்து மெஷினை ஓடவிட்ட பிறகு, அவர் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்த குழாயைத் துடைத்து, கொதிநீரில் கழுவி மூடிய பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அவர் எங்கள் இருவரையும் பார்த்து, சண்டைக்கு இன்றைக்குத் தீர்ப்பா என்று கிண்டல் செய்தார். இரண்டு பேரும் கூடத்துக்குப் போனோம். நான் தைத்த திரையை நானே முதல் தடவையாக விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். குளிர், ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், இரும்புப் பெட்டி. ஒரு நிமிடம் விளக்கை அணைத்துக் காட்டினாள், என் கை எனக்கே தெரியவில்லை.

அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரி அனுப்பியிருந்த பாட்டில்கள் வழக்கம்போல முதல் வரிசைக்கு ஏற்கனவே போயிருந்தன. அதில் அதே கட்டில் குழாய்த் தண்ணீரும் உண்டு. முதல் வரிசையில் இடம் இல்லாததால், நாங்கள் கொண்டுவந்ததை மூன்றாம் வரிசையில் விட்டாள். மருந்தை விட்டாள், மூடினாள், காத்திருந்தோம்.

படம் வந்தது. முதல் வரிசை முழுக்கக் கறுப்பு. மூன்றாம் வரிசையில் எங்கள் குழி வெள்ளையாக எரிந்தது.

பாட்டில்தான் அழுக்கு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன், அதையேதான் சொன்னாள். அவள் கையால் கழுவிய பாட்டில் என்பதை நினைவுபடுத்தினேன். புதுத் தட்டு எடுத்தாள். இந்தத் தடவை இரண்டையும் இடம் மாற்றினாள். காலையில் வந்த தண்ணீர் மூன்றாம் வரிசைக்கு, நாங்கள் கொண்டுவந்தது முதல் வரிசைக்கு. மருந்து, மூடி, காத்திருப்பு.

மூன்றாம் வரிசை எரிந்தது. முதல் வரிசை கறுப்பாக இருந்தது.

எனக்கே புரிந்துவிட்டது. தண்ணீர் இடம் மாறியது, இருட்டு மாறவில்லை. அந்த வரிசையில் எதை விட்டாலும் அது இருட்டாகத்தான் வரும்.

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்தாள். முழுக்கக் கறுப்பாக ஒரு படம். பெட்டி வந்த அன்றைக்கு எடுத்துச் சேமித்த இருட்டுப் படம் அது. இருட்டுப் படத்தைப் பெட்டி எப்போதும் மங்கலாக்கித்தான் காட்டுமாம், அதன் வெளிச்சத்தை மற்றப் படங்களின் அளவுக்கு மெல்ல மெல்லக் கூட்டினாள். முதல் வரிசை இருக்கிற இடத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, வட்ட வட்டமாக வெள்ளை எழும்பி வந்தன. குழிகள். இருட்டுக்குள் ஒரு தட்டு இருந்திருக்கிறது.

"கண்ணுக்கு இருட்டா இருந்துச்சு அண்ணி" என்றாள். அவள் குரலே இல்லை அது.

அப்புறம் துண்டு துண்டாகச் சொன்னாள். பொருத்தின ஆள் சோதனைத் தட்டில் முதல் வரிசையில் மட்டும் சாக்கடைத் தண்ணீரை விட்டுக் காட்டியிருக்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, இருட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவள் விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். உள்ளே வெளிச்சம் ஏதும் தெரியவில்லை. தட்டை அவர் எடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, உள்ளே தட்டு இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்க்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் விளக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். இருட்டிலேயே எல்லாம் தெரியும் என்று இருந்தவள் இவள் ஒருத்திதான். கண்ணுக்கு அடங்கிப்போன அந்த வெளிச்சம் கேமராவுக்கு அடங்கவில்லை. அன்றிலிருந்து எடுத்த ஒவ்வொரு படத்திலிருந்தும், முதல் வரிசையில் அந்தச் சாக்கடை வெளிச்சத்தைப் பெட்டி கழித்துக்கொண்டே வந்திருக்கிறது. இருட்டுப் படத்தை அவ்வப்போது புதிதாக எடுக்க வேண்டுமாம். கடைசி வரிசை சரியாக வந்ததால் யாரும் தொடவில்லை. அந்த முதல் வரிசையில்தான், அண்ணன் என்று அவள் ஆசையாக இடம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

அவளை அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. அவர் அப்போது மெஷினில் படுத்திருந்தார்.

போன் போட்டாள். நர்ஸ் எடுத்தார். மெஷினை எல்லாம் நிறுத்துங்கள், தண்ணீர் சரியில்லை என்று சொன்னாள். ஆறு பேர் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது போனில் சொன்னால் நிறுத்த முடியாது, சுத்தம் என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டது. அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. வாடகைக் கார் பிடித்தோம். வழி முழுக்க அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி நேரம் தாண்டியிருக்கும், தாண்டியிருக்கும் என்று என் மனது அடித்துக்கொண்டது.

போனபோது அவருக்குக் கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. போர்வையை இழுத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். டெக்னீஷியனிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டவர் என் பக்கம் திரும்பி முறைத்தார்.

"உங்க அண்ணி சொல்லிக் கொடுத்தாளா?" என்று அவளிடம் கேட்டார். பல் அடித்துக்கொள்ள வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. "நீ பாத்த தண்ணிதான இது? எனக்குப் பயமில்ல. ஓடட்டும்."

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "அண்ணா, நான் பாக்கல. பாத்ததா நினைச்சுக்கிட்டு இருந்தேன். தப்பு என்னோடது. நிறுத்தச் சொல்லுங்கண்ணா."

அவர் அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பெட்டி, படம், வரிசை எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. முகம் புரிந்தது. டெக்னீஷியனைப் பார்த்துத் தலையை அசைத்தார். டெக்னீஷியன் மெஷினை நிறுத்தியதும் எதிர்க் கட்டில் டீச்சரம்மா தனக்கும் நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு மெஷினாக ஓய்ந்தது.

அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். கட்டில்களுக்குப் பின்னால் ஓடுகிற குழாயை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வழவழவென்று கிருமி படிந்திருந்ததாம். நோயாளிகளை வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குக் கிருமி ரத்தத்தில் ஊறி இதயம் வரை போயிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்துக் கிடந்தார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற ஆளாகத்தான் திரும்ப வந்தார்.

அவள் நடந்ததை மேலதிகாரியிடம் ஒளிக்காமல் சொன்னாள். விசாரணை முடியும் வரை பெட்டிப் பக்கம் போகக் கூடாது என்று பாட்டில் கழுவுகிற பகுதிக்கு மாற்றினார்கள். தபால்காரர் வீட்டுக்கு நான் போகச் சொல்லவில்லை, அவளாகத்தான் கிளம்பினாள். தனியாக விட மனசில்லாமல் கூடப் போனேன், ஆனால் உள்ளே போகிற தைரியம் எனக்கு இல்லை, தெருவிலேயே நின்றேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. குடிக்கத் தண்ணி கொடுத்தாங்க, அண்ணி. குடிச்சேன்" என்றாள்.

நான் அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேனா என்று கேட்டால், கொடுக்கிறேன். இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிறது.

புது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய முதல் நாள் வந்தது. அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசற்படி வரை வந்தார். செருப்பை மாட்டினார். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. "வௌவாலே, தண்ணி எப்படி?"

உள்ளேயிருந்து சத்தம் இல்லை. அவள் வெளியே வந்து அவர் எதிரில் நின்றாள்.

"தெரியாதுண்ணா. அந்தத் தண்ணிய நான் பாக்கல. யாரு பாக்கறாங்கன்னும் தெரியாது."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். போகவில்லை என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், அன்றைக்குப் பூராவும் வீட்டில் ஓயாத சத்தம். நேரம் ஆக ஆகக் கால் வீங்கியது, முகம் ஊதியது, படுத்தால் மூச்சு முட்டியது. தண்ணீர் வழியாகப் போகாத உயிர் தண்ணீர் இல்லாமல் போய்விடும் போல இருந்தது. மறுநாள் காலையில், அந்த வார்த்தையை நானே பொய்யாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தனை நாளாக எனக்கு எரிச்சலூட்டின வார்த்தை. என்னால் சொல்ல முடியவில்லை.

அவள்தான் அவர் காலடியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டாள். "நானும் வரேன்ணா. பாதி நேரத்துல நடுங்குதான்னு பாக்கறேன். நடுங்கினா அந்த நிமிஷமே நிறுத்தச் சொல்றேன்" என்றாள். அவர் எழுந்துகொண்டார்.

இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் மூவரும்தான் போகிறோம். மெஷின் ஓட ஆரம்பித்ததும் அவள் ஒரு ஸ்டூலைக் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு, அவர் பாதத்தைப் பிடித்துக்கொள்கிறாள். பாதி நேரம் நெருங்க நெருங்க அவர் கண் கூரையில் நிற்கிறது, என் கண் அவள் முகத்தில் நிற்கிறது. நர்ஸ் டீ குடிக்கக் கூப்பிட்டாலும் அவள் எழுவதில்லை.

நேற்று அவர் பாதத்தில் ஏதோ அசைந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்து நின்றேன். அவர் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார், பிரேக் மிதித்தேன் என்றார். அவள் சிரிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.